அடைப்பு

முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்த கேதீஸ்வரி, ஒரு கடதாசியில் கருப்பையை வரைந்தாள்.

தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் போல வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள்.

கட்டிலில் இருந்த காளியாயி அதைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு எக்ஸ்ரே அறையில் அவளுடைய முறை. கீழ்வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதற்குள்ளே நூல் போன்ற கம்பியைத் தள்ளி, அடைத்துக் கிடக்கும் கருக்குழாயைத் திறக்கப் பார்ப்பார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. போன மாதம் மருந்து விட்டு எடுத்த படத்தில், இரண்டு பக்கமும் அடைப்பு என்று தெரிந்திருந்தது.

"மாத நோ மாதிரிக் கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். பயப்பிடாதேங்கோ பிள்ளை. விளங்கேல்லையெண்டாக் கேளுங்கோ."

கேதீஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. அந்த வார்டில் தமிழ் தெரிந்த ஒரே தாதி. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் வேலை, யாரும் கொடுக்காமலே அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"கம்பி போனா வழி தெறந்துருங்களா மிஸி?"

"திறக்கலாம். உறுதியாச் சொல்லேலாது."

"தெறந்தாப் போதுங்க" என்று காளியாயி சிரித்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். தொண்ணூற்று மூன்றில் தலைப்பிள்ளை தோட்டத்து ஆஸ்பத்திரியில் செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக ஒன்றும் உண்டாகவில்லை. இறம்பொடை அனுமாருக்கு நேர்த்தி வைத்தாள். யார் யாரோ அரைத்துக் கொடுத்த பச்சிலையை எல்லாம் விழுங்கினாள். லயத்து வரிசை வீடுகளில் வளைகாப்பு என்றால் அவளை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அவள் புருஷன் செல்லசாமி மட்டும் ஒரு நாளும் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கேதீஸ்வரி படிவத்தை எடுத்தாள். கடைசித் தீட்டு எப்போது? மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? ஆஸ்துமா?

"முந்தி ஒப்பரேசன் ஏதும் செய்ததோ?"

"இல்லீங்க."

இல்லை என்று குறித்துக்கொண்டாள்.

பிறகு திரையை இழுத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிவிடக் குனிந்தாள். காளியாயி சேலையைத் தளர்த்தினாள்.

தொப்புளுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்தில், குறுக்காக ஒரு தழும்பு.

அந்தத் தழும்பைக் கேதீஸ்வரி நூறு வயிறுகளில் பார்த்திருக்கிறாள். நாலு, ஐந்து பெற்று, இனிப் போதும் என்று தாங்களாகக் கேட்டு வந்த பெண்களின் வயிறுகளில்.

"இதென்ன பிள்ளை?"

"அதுங்களா? புள்ள செத்துப் பொறந்தப்ப வயித்தக் கழுவுனாங்க. அழுக்குத் தங்கிருச்சுன்னாங்க."



கருப்பையைக் கழுவ யாரும் வயிற்றை வெட்டுவதில்லை.

கேதீஸ்வரி நிமிர்ந்து போய் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு குழாய்களும் ஒரே இடத்தில், ஒரே அளவில், நறுக்கியதுபோல் முடிந்திருந்தன. நோயால் வரும் அடைப்பு இவ்வளவு சீராக இருந்து அவள் பார்த்ததில்லை.

டாக்டரிடம் ஓடலாம். அவர் சிங்களத்தில் சொல்வார். அதைத் தமிழில் சொல்ல இவள்தான் வரவேண்டும்.

திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். வரைந்து வைத்த குழாய்கள் இரண்டிலும் குறுக்கே ஒவ்வொரு கோடு போட்டாள்.

"இது அடைப்பில்லை, பிள்ளை. குழாயைக் கட்டி வெட்டியிருக்கினம். இனிப் பிள்ளை பிறக்காமல் இருக்கச் செய்யிற ஒப்பரேசன் இது. கம்பியால திறக்கேலாது."

காளியாயியின் முகத்தில் சற்று முன் வந்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

"எனக்குங்களா?" என்றாள். ஆள் மாறிச் சொல்லிவிட்டார்கள் என்பது போல. "எனக்குத்தான் புள்ளையே இல்லீங்களே மிஸி."

கேதீஸ்வரிக்கு, திரைக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் இருக்கிற மனிதன் நினைவுக்கு வந்தான். கையெழுத்து இல்லாமல் இதை எங்கேயும் செய்ய மாட்டார்கள்.

"உங்கட மனுசன்தானே ஒப்பம் வச்சிருப்பார்? இஞ்ச கூப்பிடுறன்."

எழப் போனவளின் மணிக்கட்டைக் காளியாயி இறுகப் பிடித்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள்.

"வேணாங்க மிஸி. அவரு இல்ல."

"பின்ன ஆர்?"

காளியாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு வாசல்ல நின்னாருங்க, புள்ளயத் தூக்கிட்டுப் போய்ப் பொதைக்க. புள்ளய வெளிய கொடுக்கணும்னா கையெழுத்துப் போடுன்னு ரெண்டு கடதாசி நீட்டுனாங்க. சிங்களத்துல இருந்துச்சு."

மூச்சு வாங்கினாள்.

"எதுக்கு ரெண்டுன்னு நா கேக்கலீங்க. நாந்தாங்க போட்டேன்."



அப்போது திரை விலகியது. செல்லசாமி தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"நேரமாகுதுங்களா மிஸி?"

காளியாயி சட்டையை இழுத்து வயிற்றை மூடினாள்.

"இன்னிக்கு இல்லியாமுங்க" என்று அவனிடம் சொன்னாள். "அடைப்பு ரொம்பப் பெருசாம்."