முப்பத்தெட்டாம் பாலத்தடி

"ஐயா, உங்கட வீடு எங்க?" என்று கேட்டார் பர்மிங்ஹாமின் தமிழ் டாக்டர்.

திருச்செல்வம் திருதிருவென்று விழித்தார். "காலமை முப்பத்தெட்டாம் பாலத்தடியில நிண்டது. இப்ப எங்க போச்சுதோ?"

டாக்டர், கனடாவிலிருந்து வந்திருந்த மகள் நிரோஜாவைப் பார்த்தார். போன கோடையில் அவள் வந்தபோது அப்பாவின் படகுவீடு கால்வாயின் அந்தப் பாலத்தடியிலேயேதான் கட்டிக்கிடந்தது. மறதிநோய்தான் என்று நம்பி, அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சம்மதித்தாள். எதிர்த்துப் பேசத் திருச்செல்வத்துக்குத் துணிவு வரவில்லை. ஒருவேளை தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ?

உடுப்பு எடுக்க இருவரும் கால்வாய்க்குப் போனார்கள். பாலத்தடியில் அப்பாவின் நீலப் படகைக் காணவில்லை. அங்கே நின்ற சிவப்புப் படகு, ஆளில்லாமலே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நகர்ந்தது. பின்னால் வந்த பச்சைப் படகு அந்த இடத்தில் தன்னைத்தானே கட்டிக்கொண்டது.

"இடம் காணாதெண்டு இப்ப எல்லாப் படகையும் கம்ப்யூட்டர் வைச்சு இப்பிடித்தான் மாத்தி மாத்தி விடுறாங்கள்," என்ற திருச்செல்வம் சற்றுத் தயங்கினார். "உன்ர கண்ணுக்கும் தெரியுதுதானே?"

நிரோஜா பாலத்தில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை படகுகள் இடம் மாறிக்கொண்டிருந்தன.

"அப்பா, அப்ப உங்கட வீடு எங்க?"

"உதைத்தான் பிள்ளை டாக்டரும் கேட்டவர்."