கழுதைக்குக் கட்டுப் போட்டவர்

குரும்பலூர்ப் பஞ்சாயத்து டி.வி.யில் ஞாயிறுதோறும் பொம்மைப் படத்துக் கழுதை ஒன்று மலையிலிருந்து விழுந்து நொறுங்கும். அடுத்த ஞாயிறு முழுசாக வந்து நிற்கும்.

"கழுதைக்கே கட்டில்லாம எலும்பு கூடுது. எனக்கெதுக்குங்க கட்டு?" என்றான் கை ஒடிந்த வைரக்கண்ணு.

எலும்பு வைத்தியர் ராசாங்கத்துக்குப் பிழைப்பே போய்விடும் போலிருந்தது. "கட்டில்லாமலா? வாராவாரம் டெல்லிக்குப் போயி அதுக்குக் கட்டுப் போடுறதே நான்தாண்டா!"

வைரக்கண்ணு உடனே கையை நீட்டினான். மறுநாள் முதல் வைத்தியர் வாசலில் நின்ற வரிசை அரியலூரைத் தொட்டது.

ஒரு ஞாயிறு கழுதை வரவில்லை. டி.வி.யில் வெறும் வீணை மட்டும் சோகமாக ஒலித்தது.

"பெரிய சாவு விழுந்தாத்தானே இப்படி வீணை வாசிப்பாங்க?" என்றாள் பொன்னாயி.

ஊரே ராசாங்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அடப்பாவி மனுசா, கழுதையக் கொன்னுட்டியே!"

வைரக்கண்ணு பதறிப்போய்த் தன் கைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.