மூன்றாவது கேள்வி

வெயில் ஏறுவதற்குள் ஞானசேகர் சாரின் வீட்டு வாசலில் நான்கு பேரும் வட்டமாக நின்றுகொண்டார்கள்.

அவருடைய மகள் வின்சியும், அவளோடு இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற சேவுகப்பெருமாள், சத்தியப்பிரியா, மாயக்கண்ணனும்.

தினமும் காரைக்குடியில், கல்லூரியில் நிற்கிற வட்டம்தான். இன்றைக்கு வின்சிக்காகக் கோட்டையூருக்கே டவுன் பஸ் பிடித்து வந்திருந்தது.

உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம்.

தொண்ணூற்றெட்டில் அமெரிக்கா போன சேவுகப்பெருமாளின் அண்ணன் எழுதி அனுப்பிய வழி இது. பெயர் ஸ்கிரம். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் நின்றபடியே ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், உனக்கு என்ன தடை. ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. தடை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை விலக்குவது எல்லோருடைய வேலை.

எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று கம்ப்யூட்டரே தேடிச் சொல்கிற புரோகிராம்தான் அவர்களுடைய புராஜெக்ட். அதில் தேடுகிற பகுதி முழுக்க வின்சி எழுதியது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருந்ததை வைரஸ் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது அவளுடைய ஃபிளாப்பி டப்பாவில் மட்டும்தான்.

அந்த டப்பாவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணோம்.

இன்று கடைசி ரிவ்யூ. காட்ட முடியாவிட்டால் புராஜெக்ட் இல்லை. புராஜெக்ட் இல்லாவிட்டால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாவிட்டால் வின்சிக்குப் பெங்களூரில் கிடைத்த வேலையும் இல்லை.

சார் உள்ளே ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளத்தூரில் பூகோள வாத்தியார். பிள்ளைகள் எதை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

டப்பாவை எடுத்து ஒளித்தவர் அவர்தான்.

மகளுக்கு வேலை கிடைத்தது பிடிக்காமல் இல்லை. தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ஆனால் பெங்களூருக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியைப் பார்த்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனைவி பவுலின் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவரும் வின்சியும்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது கை தானாக டப்பாவை எடுத்துவிட்டது.

சாயங்காலமே கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். சாயங்காலம் வாய் வரவில்லை. அப்புறம் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளியே சத்தியப்பிரியா தன் தடையைச் சொன்னாள். டப்பா. மாயக்கண்ணன் சொன்னான். அவனுக்கும் டப்பாதான். இரண்டு பேருமே வின்சியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள்.

வின்சியின் முறை வந்தது. தலை பின்னி, பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள். ரிவ்யூவில் என்ன பேசுவது என்று நேற்று எழுதி வைத்ததாகச் சொன்னாள். இன்று போய்க் காட்டப்போவதாகச் சொன்னாள்.

தடை ஒன்றுமில்லை என்றாள்.

மாயக்கண்ணனுக்கு வாய் துறுதுறுத்தது. சேவுகப்பெருமாள் கண்ணைக் காட்டி அடக்கினான்.

சாருக்கு உள்ளே நிற்க முடியவில்லை. மகள் ஆற்றி வைத்திருந்த காப்பித் தம்ளர்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறோம் என்று பார்க்காமல் நேரே வட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

சேவுகப்பெருமாள் அவரிடம் பூகோளம் படித்தவன். இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்தான்.

"வட்டத்துக்குள்ள வந்துட்டீக சார். நீங்களும் மூணையும் சொல்லணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்து, வகுப்பில் எழுப்பிவிட்ட பையனைப் போல நின்றார்.

"நேத்து ஒண்ணும் செய்யல. இன்னைக்கு அந்த டப்பாவ எடுத்துத் தந்துர்றேன். தடை நாந்தேன். இவ போயிட்டா இந்த வீட்ல யாருகூடப் பேசுவேன்னு நெனச்சுட்டேன்."

இந்தத் தடையை எப்படி விலக்குவது என்று அமெரிக்க அண்ணன் எழுதவில்லை. சத்தியப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

வின்சி திடுக்கிடவில்லை, கோபப்படவில்லை. எங்கே வைத்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கிட்டே வந்து, அவருடைய சட்டைக் காலர் மடங்கியிருந்ததை எடுத்துவிட்டாள்.

"எடுத்துட்டு வாங்கப்பா. பஸ் வந்துரும்."

அவர் அடுப்படிக்குள் போனார். அந்தப் பக்கம் அதிகம் போகாத மனுஷர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனையோ இடத்தில் ஒளித்ததைக் கண்டுபிடித்தவருக்கு, தனக்கென்று வந்தபோது யாருக்கும் தோன்றாத இடமாகத் தோன்றியது அரிசி டின்தான். மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

டப்பா கைக்கு வந்தது. கூடவே பாலிதீன் சரசரத்தது.

வெளியே எடுத்துப் பார்த்தார். தூசி புகாதபடி இரண்டு கவருக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அவர் வெறும் டப்பாவாகத்தான் உள்ளே செருகியிருந்தார்.

அப்படியே நின்றார். வாசலிலிருந்து மறுபடி அப்பா என்று கூப்பிடுகிற குரல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அவருக்கு வடித்துப்போட்ட சோறெல்லாம் இந்த டின்னிலிருந்து அளந்ததுதான்.