சோர்வின் ஆவி

நண்பகல் வெயிலில் தகரக் கூரை நெளிய, கீழே உபவாச ஜெபம் நடக்கிறது. விடிய விடியப் பீங்கான் சூளையில் பொம்மை அடுக்கிவிட்டு வந்த அமுதவள்ளி முழங்காலில் நின்றபடியே கண்ணயர்கிறாள். அவள் நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கிறது. "சோர்வின் ஆவி பிடிச்சிருக்குது" என்று பாஸ்டர் மதிவாணன் அவள் உச்சந்தலையில் கைவைத்து, கம்மிய தொண்டையோடு அதட்டுகிறார். "இயேசுவின் நாமத்துல இவள விட்டுப் போ." அவர் கை கனக்கிறது. அவள் மெல்லச் சரிந்து விழுகிறாள். ஜெபத்தில் விழுகிறவர்களுக்கு வழக்கமாகப் போர்த்தும் வெள்ளைத் துணியை யாரோ போர்த்துகிறார்கள், கைத்தட்டல் அடங்குகிறது. சூளையனல் ஏறிய கன்னத்தைச் சிமெண்டுத் தரை, ஆண்டவரின் உள்ளங்கைபோல் குளிர்ச்சியாகத் தாங்குகிறது. பாஸ்டர் குனிந்து கேட்கிறார். "போயிடுச்சாம்மா?" ஜெபவீட்டில் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள். "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க ஐயா."