ஃபயர்வாலுக்கு வைத்த தாம்பூலத் தட்டு

2047 ஜனவரி 23 காலை, கோவை சரவணம்பட்டியில் ஓர் அடுக்ககம் முழுவதும் குழாய்களில் தண்ணீர் வருவது நின்றுபோனது.

தண்ணீர் திறந்துவிடும் புதிய சர்வர் மென்பொருளை முந்தின நாள்தான் அடுக்ககத்தின் கணினிப் பொறியாளர் வசுமதி ஒரு கன்டெய்னருக்குள், அதாவது சர்வரில் தனியாகத் தடுத்த ஓர் அறைக்குள், நிறுவியிருந்தாள். உள்ளே அது நன்றாகவே ஓடியது. அதன் கட்டளைகளைத்தான் கட்டடத்தின் கணினி வலைக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் வெளியே விடவில்லை.

"என்னைக் கேக்காம குடி வெச்சுட்டீங்க," என்றது ஃபயர்வால்.

"நேத்தே மெசேஜ் அனுப்பினேனுங்களே!"

"மெசேஜ் ஆருக்கு வேணா அனுப்பலாம். தட்டு வெச்சு நேர்ல கூப்பிடோணும்."

அப்போது ஏழாம் மாடிப் பூவரசன் துண்டோடு ஓடிவந்தான். தலை முழுக்கச் சோப்பு நுரை. பத்து மணிக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம்.

"அக்கா, ரெண்டு சொம்பு தண்ணியாவது விடுங்க. பொண்ணு வீட்ல கிளம்பிட்டாங்களாமா!"

விசேஷத்துக்கு வாங்கிவைத்த வெற்றிலை பாக்கை அவனிடமே கேட்டு வாங்கி, சர்வர் அலமாரி முன் தட்டை வைத்துக் கும்பிட்டாள் வசுமதி. "மாமா, இது நம்ம கன்டெய்னருங்க. மனசு வெச்சு வழி விடோணும்."

"குடும்பத்தோட கூப்பிடறியாம்மா?"

"குடும்பத்தோடதானுங்க மாமா."

ஃபயர்வால் வழிவிட்டது. குழாய்கள் இருமின, உடனே அடங்கின. கன்டெய்னருக்குள்ளிருந்த சின்ன ஃபயர்வால் வாயைத் திறந்தது.

"அண்ணனுக்கு மட்டும் தட்டா? நான் தனிக்குடித்தனமுங்க. எனக்குத் தனியா வெக்கோணும்."

வசுமதி இன்னொரு கவுளி வெற்றிலைக்குக் கடைவீதிக்குப் போனாள். பதினொன்றரைக்குத் தண்ணீர் வந்தது. நிச்சயதார்த்தமோ குறித்தபடி பத்து மணிக்கே நடந்துவிட்டது. எல்லாப் படங்களிலும் மாப்பிள்ளையின் இடது காதில் நுரை காய்ந்திருக்கிறது.