மிக்சிங்குக்கு ஆள்

நீள இழைப் பஞ்சையும் குட்டை இழைப் பஞ்சையும் சராசரி குறையாமல் பார்த்துச் சேர்க்கிற அந்த மிக்சிங் மெஷினிடமே, மில்லில் ஆட்களைச் சேர்க்கிற வேலையையும் கொடுத்திருந்தார்கள்.

சுடலைமுத்துவுக்கு நெஞ்சில் பஞ்சுத்தூசி. அவன் கை தளரத் தளர, ஜோடியாக நின்ற அவன் மனைவி கனியம்மாள் தன் வேகத்தைக் கூட்டினாள். இருவரின் சராசரி சரிந்தால் மெஷின் அவனைக் கழித்துவிடும். அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்டினாள். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார்.

"மெஷின் உன்னைய தாராபுரம் மில்லுக்கு எடுத்திருக்கும்மா. அங்க எல்லாம் சொங்கி ஆளுக. உன்னைய மாதிரி ஒருத்தி சேந்தாத்தான் மிக்சிங் நிக்குமாம்."

"அவரையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க சார்."

"அவர நிறுத்தியாச்சு. நீ இல்லாம அவரு எந்த மிக்சிங்லயும் சேர மாட்டாரு."

"நான் இனிமே மெதுவாச் செய்யிறேன் சார். அதுகிட்டச் சொல்லுங்க, நானும் சொங்கிதான்னு."

கைகூப்பித்தான் கேட்டாள். சூப்பர்வைசர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பியபடியே அவள் விரல்கள், இல்லாத நூலை ஒட்டி ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன. அவளால் நிறுத்த முடியவில்லை.