எட்டுப் பக்க அட்டவணை

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே மனம்தான். எந்த முறையில் கருவைக் கலைப்பது என்பதற்கு, வங்கி மேலாளரான கணவர் எட்டுப் பக்க அட்டவணையே போட்டு, டாக்டரின் மேசையில் விரித்தார். அருகில் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“மாத்திரைன்னா வீட்டிலேயே முடியும், ஆனா ரத்தப்போக்கு நாள்கணக்கில போகும். உறிஞ்சி எடுக்கிற முறைன்னா பத்து நிமிஷம், ஆனா இங்க வரணும். மூணு வாரமா அலசி, ரெண்டாவதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

“முழுசா வெளியேறிடுச்சான்னு ஸ்கேன்ல பாருங்க டாக்டர். அதான் பயமா இருக்கு.”

“என்ன சொல்றே?” என்றார் மேலாளர்.

“நீங்க அலசி முடிக்கறதுக்குள்ள மாத்திரைக்கான கெடு தாண்டிடும்னு, பத்து நாள் முன்னாடியே இந்த டாக்டர்கிட்ட மாத்திரையை வாங்கிப் போட்டுக்கிட்டேன். வலியில சுருண்டு படுத்திருந்தேனே, அன்னிக்குத்தான் கோடு போட ஸ்கேல் எங்கேன்னு கேட்டீங்க.”